அரைச் சுற்று

புது இன்ஜின் ஆயிலை மேலே ஊற்ற ஊற்ற அது கீழே வழியாகத் தரைக்குப் போய்க்கொண்டிருந்தது. சர்வேயர் இதைக் கொஞ்சம் தாமதமாகத்தான் கவனித்தார். புனலைப் பிடித்தபடி, கேன் இவ்வளவு சீக்கிரம் காலியாகிறதே, இன்ஜினுக்கு ரொம்பத் தாகம் போலிருக்கிறது என்று ஒரு வாஞ்சையோடு நின்றிருந்தார். தேன் நிறத்தில் ஒரு ஓடை காருக்கு அடியிலிருந்து புறப்பட்டு, அவருடைய செருப்பைச் சுற்றிக்கொண்டு, கேட்டை நோக்கி நிதானமாக நகர்ந்தது. பழைய எண்ணெயை வடிப்பதற்காகக் கழற்றிய அடிமூடி அவருடைய சட்டைப் பையில் பத்திரமாக இருந்தது. தொலைந்துவிடக் கூடாதே என்று அவரேதான் அங்கே போட்டு வைத்திருந்தார்.

மனைவி வாசலுக்கு வந்தாள். ஓடையைப் பார்த்தாள், பிறகு கேனைப் பார்த்தாள்.

"உள்ள ஏதாவது தங்குச்சா?"

"கொஞ்சம் தங்கியிருக்கும்."

"எதுல, உங்க செருப்புலயா?"

மகள் பழைய துணிகளை அள்ளிக்கொண்டு வந்து குந்தி உட்கார்ந்து எண்ணெயை ஒற்றி எடுத்தாள். சிரிக்கவில்லை. அதுதான் சர்வேயருக்கு உறுத்தியது. இதே காட்சி போன வருடம் நடந்திருந்தால் வீடியோ எடுத்து, பின்னணியில் பாட்டுப் போட்டு, சொந்தக்காரர்கள் அத்தனை பேருக்கும் அனுப்பியிருப்பாள். இன்று துணியைப் பிழிந்துவிட்டு அம்மாவை நிமிர்ந்து பார்த்தாள். அம்மாவும் அவளைப் பார்த்தாள். இரண்டு பேரும் சேர்ந்தாற்போல் பார்வையைத் திருப்பிக்கொண்டார்கள்.

சர்வேயருக்கு அந்த மாதிரிப் பார்வைகள் புதிதல்ல. இன்சூரன்ஸ் கம்பெனிக்காக நசுங்கிய வண்டிகளைப் போய்ப் பார்ப்பதுதான் அவர் வேலை. "எப்படி நடந்துச்சு?" என்று கேட்பார். நின்றுகொண்டிருந்த வண்டி தானாக நகர்ந்து சுவரில் மோதியிருக்கும். பட்டப்பகலில் மரம் குறுக்கே வந்திருக்கும். பேசுவதற்கு முன்னால் ஓட்டுநரும் முதலாளியும் ஒருவரையொருவர் இப்படித்தான் பார்த்துக்கொள்வார்கள். இத்தனை வருட வேலையில் ஒரு கேள்விக்காவது நேரான பதில் கிடைத்ததாக அவருக்கு நினைவில்லை. அதனால் சந்தேகத்தை ஆபீஸ் சட்டையோடு ஆணியில் மாட்டிவிட்டு வரும் பழக்கம் அவருக்கு வாய்க்கவில்லை.

மகளுக்கு மலைக்கு அந்தப் பக்கம் ஒரு ஊரில் வேலை கிடைத்திருந்தது. அடுத்த வாரம் கிளம்புகிறாள். கார் அவளோடு போகிறது. ஒர்க்‌ஷாப்பில் விட்டுவிடலாம் என்று மனைவி சொன்னதற்கு, "என் பொண்ணு ஓட்டுற வண்டி, எவனோ ஒருத்தன் கையில குடுக்கறதா?" என்று கேட்டுவிட்டு, அன்றைக்கே சட்டைக் கையை மடித்துவிட்டார். பிரேக் பேடு மாற்றினார். வைப்பர் மாற்றினார். ரிவர்ஸ் கேமரா வாங்கிப் பொருத்தினார். அதில் வானம் கீழேயும் தெரு மேலேயும் தெரிந்தது. "பழகிட்டா சரியாயிடும்" என்றார். மகள் அப்போதும் சிரிக்கவில்லை, தலையை மட்டும் ஆட்டினாள்.

அவருக்கு ஒரே ஒரு பயம்தான். கிளம்புகிற அன்று காலையில் அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, "கார் வேண்டாம்பா, பஸ்லயே போயிக்கிறேன்" என்று சொல்லிவிடுவாளோ என்பது.

மறுநாள் பிரேக்கை இன்னொரு முறை பார்த்துவிடலாமே என்று முன்சக்கரத்தைக் கழற்றப் போனார். சக்கர நட்டு என்று வந்துவிட்டால் சர்வேயரிடம் ஒரு முறை உண்டு. கை வலிக்கும் வரை முறுக்குவார். பிறகு ஸ்பேனரின் கைப்பிடியில் ஒரு இரும்புக் குழாயைச் செருகி, அதன்மேல் ஏறி நின்று, இன்னும் அரைச் சுற்று முறுக்குவார். முன்பு ஒரு விபத்து நடந்த இடத்தில் கார் சாலையோரம் ஒருக்களித்துப் படுத்திருக்க, அதன் சக்கரம் மட்டும் தூரத்து வயலில், அந்தக் காருக்கும் தனக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை என்பதுபோலக் கிடந்ததைப் பார்த்தவர் அவர். அன்றிலிருந்து இந்த அரைச் சுற்று. "நம்ம வீட்டுல நட்டு கழண்டா அது உங்களுக்கு மட்டும்தான் மாமா" என்று மனைவியின் தம்பி கிண்டல் செய்வான்.

கழற்றுவதற்கும் வழக்கம்போலக் குழாயைச் செருகினார், மூச்சை இழுத்துப் பிடித்தார், ஏறினார். நட்டு மறுபேச்சு இல்லாமல் சுழன்றது. சர்வேயர் தரையில் உட்கார்ந்திருந்தார். எப்படி உட்கார்ந்தோம் என்பது அவருக்கே விளங்கவில்லை. எழுந்து அடுத்த நட்டை ஒரு கையால் முயன்று பார்த்தார். அதுவும் வந்தது.

யாரோ திறந்திருக்கிறார்கள்.

சக்கரத்தைக் கழற்றி உள்ளே எட்டிப் பார்த்தார். அவர் போட்ட பேடு அவர் போட்டபடியே இருந்தது. எதுவும் திருட்டுப் போகவில்லை. திருடன் என்றால் எதையாவது எடுத்துக்கொண்டு போயிருப்பான். எதையும் எடுக்காமல், திறந்து பார்த்துவிட்டு, மறுபடியும் மாட்டி வைத்துவிட்டுப் போகிறவன் யார்? மெக்கானிக். அவர் ஆபீசில் இருக்கும் நேரம் பார்த்து, அவருடைய வேலையைச் சரிபார்க்க ஒரு மெக்கானிக்கை வீட்டுக்கே வரவழைக்கிறார்கள்.

சமையலறையில் மனைவி வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"நேத்து வீட்டுக்கு யாராவது வந்தாங்களா?"

"யாரு?"

"அதத்தானே உன்னைக் கேக்குறேன்."

"யாரைச் சொல்றீங்கன்னு தெரிஞ்சாத்தானே வந்தாங்களா வரலையான்னு சொல்ல முடியும்."

"கண்ணு ஏன் கலங்கியிருக்கு?"

"வெங்காயத்தைக் கேளுங்க."

பழம் தின்று கொட்டை போட்ட லாரி முதலாளிகள்கூட இவ்வளவு சுத்தமாகப் பதில் சொன்னதில்லை. சர்வேயர் தொழில்முறை மரியாதையோடு வெளியே வந்தார்.

எல்லா நட்டையும் மறுபடி அரைச் சுற்று சேர்த்து முறுக்கினார். பிறகு சாக்பீஸ் எடுத்து, ஒவ்வொரு நட்டிலிருந்தும் சக்கரத்துக்கு ஒரு கோடு இழுத்தார். நட்டு நகர்ந்தால் கோடு உடையும். நசுங்கிய வண்டிகளிடம் கற்ற வித்தையைச் சொந்த வீட்டில் காட்டுகிறோமே என்று கொஞ்சம் கூச்சமாக இருந்தது. இருந்தாலும் கோட்டை அழுத்தமாகவே போட்டார்.

சாயங்காலம் ஆபீசிலிருந்து வந்ததும் வராததுமாக, செருப்பைக்கூடக் கழற்றாமல் சக்கரத்தின் முன் குனிந்தார். ஒரு கோடும் உடையவில்லை. நிம்மதியாக நிமிரப் போனவர் அப்படியே நின்றார். கோடுகள் ரொம்ப நேராக இருந்தன. அவர் போட்ட கோடு அப்படி இருக்காது. அவர் கையெழுத்தே மழையில் நனைந்த எறும்பு மாதிரிதான் இருக்கும். பழைய கோட்டை அழித்துவிட்டு யாரோ அடிமட்டம் வைத்துப் புதிதாகப் போட்டிருக்கிறார்கள்.

அந்த நேரம் பார்த்து மனைவியின் தம்பி உள்ளேயிருந்து காபி டம்ளரோடு வந்தான். லிஃப்ட் ரிப்பேர் செய்கிறவன். வாசலில் நின்ற அவனுடைய பைக்கில் ஒரு நீளமான பை கட்டியிருந்தது.

"மாப்ள, என் கார் பக்கம் போனியா?"

"எந்தக் கார் மாமா?"

"நம்ம வீட்டுல எத்தனை கார் இருக்கு?"

"அதத்தான் நானும் யோசிக்கிறேன்."

"அந்தப் பையில என்ன?"

"வேலைச் சாமான் மாமா. ஏன், லிஃப்டுக்கு நிக்கிறவன் பொத்தானை அமுக்குற மாதிரி வரிசையா கேக்குறீங்க? ஒரு தடவை அமுக்குனாப் போதும், வந்துடும்."

"எது வந்துடும்?"

"லிஃப்டுதான்" என்று சொல்லிவிட்டுக் காபியை ஒரே மூச்சில் குடித்தான். சூட்டில் கண்ணில் நீர் வந்தது. ஆனாலும் பைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

அன்று சாப்பிடும்போது மகளிடம், "கார்ல உனக்கு ஏதாவது குறை தெரியுதாம்மா?" என்று கேட்டார். எங்கேயோ பார்த்துக் கேட்பதுபோலக் கேட்டார். அவள் பதில் சொல்ல வாய் திறந்தாள். மனைவி, "சாப்பிடும்போது கார் பேச்சு எதுக்கு?" என்று குழம்பை அவர் தட்டில் ஊற்றினாள். அவர் கேட்காத குழம்பு. சர்வேயர் அதைச் சாப்பிட்டார். எண்ணெய் கொஞ்சம் அதிகம் என்று சொல்ல நினைத்தார். இந்த வாரம் எண்ணெயைப் பற்றிப் பேசும் தகுதி தனக்கு இல்லை என்று வாயை மூடிக்கொண்டார்.

உண்மையைச் சொல்வதானால் அவருக்குக் கோபம்கூட வரவில்லை. மெக்கானிக் என்ன சொல்லியிருப்பான் என்பதுதான் மண்டையைக் குடைந்தது. 'இதெல்லாம் யாரும்மா போட்டது?' என்று கேட்டிருப்பானா? அதற்கு மகள் என்ன சொல்லியிருப்பாள்? 'எங்கப்பா' என்று சொல்லியிருப்பாளா, அல்லது 'தெரியலை' என்று சொல்லியிருப்பாளா? இரண்டாவதை நினைத்ததும் தட்டை ஒதுக்கிவிட்டு எழுந்தார்.

விடுமுறை அன்று மதியம் சாப்பிட்டதும் படுத்தார். தூங்கவில்லை. நம்பும்படியாகக் குறட்டை மட்டும் விட்டார். சிறிது நேரத்தில் வாசல் கதவு மெதுவாகச் சாத்தப்பட்டது. பிறகு ஒரு சத்தம்.

'டிக்.'

அவரிடம் இருக்கும் எந்தக் கருவியும் அப்படிச் சத்தம் போடாது. அவருடையவை எல்லாம் முனகும், கிறீச்சிடும், சில சமயம் உடையும்.

'டிக்.'

வெறுங்காலோடு போய்க் கதவைத் திறந்தார். வாசல்படியில் மனைவி ஒரு வாரப் பத்திரிகையைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு காவல் இருந்தாள். தம்பி காரின் பின்னால் அவருடைய இரும்புக் குழாயைக் கையில் வைத்துக்கொண்டு வியர்த்துப் போய் நின்றான். மெக்கானிக் என்று ஒருவரும் இல்லை. முன்சக்கரத்தின் அருகே, நீளமான பளபளக்கும் ஸ்பேனரோடு, முட்டியில் கிரீஸ் பூசிக்கொண்டு குந்தியிருந்தவள் மகள்.

தம்பி குழாயை முதுகுக்குப் பின்னால் மறைத்தான்.

"சும்மா காத்து வாங்கிட்டு இருக்கோம்" என்றாள் மனைவி.

"ஆமா மாமா. டயருக்கு" என்றான் தம்பி.

சர்வேயர் அவர்கள் இருவரையும் விட்டுவிட்டு மகளைப் பார்த்தார். அலுவலகக் குரலில்தான் கேட்க நினைத்தார், ஆனால் வேறு ஏதோ குரல்தான் வந்தது.

"நான் மாட்டுனதுல நம்பிக்கை இல்லைன்னா சொல்லிடும்மா. கார் வேண்டாம்னா வேண்டாம். இப்படி ஒளிஞ்சு ஒளிஞ்சு பார்க்க வேண்டாம்."

"அவ அப்படி ஒண்ணும்..." என்று மனைவி ஆரம்பித்தாள்.

"அம்மா, நீ சும்மா இரு. நான் சொல்றேன்." மகள் ஸ்பேனரைத் தரையில் வைத்துவிட்டு எழுந்தாள். "நான் இன்டர்வியூ போயிட்டு வந்த அன்னைக்கு லேட்டாச்சுல்ல? டிராஃபிக்னு சொன்னேன். டிராஃபிக் இல்ல, பங்க்சர். நடுரோட்டுல. ஸ்டெப்னி இருந்துச்சு, ஜாக்கி இருந்துச்சு, ஸ்பேனர் இருந்துச்சு. எல்லாம் நீங்க எடுத்து வச்சது. ஒரு நட்டுகூட அசையலப்பா. ஏறி நின்னேன். குதிச்சுப் பார்த்தேன். அப்புறம் ஒரு வேனை நிறுத்திட்டு ரெண்டு பேர் இறங்கி வந்தாங்க. நல்லவங்கதான், மாட்டிக் குடுத்துட்டுப் போயிட்டாங்க. ஆனா அவங்க நடந்து என் பக்கத்துல வர்ற வரைக்கும் அவங்க நல்லவங்களான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

சர்வேயர் காரின் மேல் கை வைத்துக்கொண்டார். உலோகம் வெயிலில் சுட்டது. கையை எடுக்கத் தோன்றவில்லை.

"ஏன் என்கிட்ட சொல்லல?"

"சொன்னா நீங்க இன்னொரு குழாய் வாங்கிட்டு வருவீங்க" என்றாள் மனைவி.

"அதான் மாமாகிட்ட இந்த ஸ்பேனரை வாங்கினேன்" என்றாள் மகள். "எவ்வளவு இறுக்கணுமோ அவ்வளவு வந்ததும் டிக்குனு சத்தம் போடும். அதோட நிறுத்திடணும். சக்கரம் கழண்டு ஓடாது, நானும் பார்த்துட்டேன். கழட்டி மாட்டிப் பழகிட்டு இருக்கேன். ஆனா நான் பழகிட்டுப் போனதும் நீங்க வந்து மறுபடி முறுக்கி வச்சிடறீங்க. நீங்க முறுக்க, மாமா கழட்ட, நான் மாட்ட, இதே வேலையா இருக்கு."

"முதுகு போச்சு மாமா" என்றான் தம்பி.

"கோடு?"

"அது நான்" என்றாள் மனைவி, பத்திரிகையை நேராகத் திருப்பிக்கொண்டே.

சர்வேயர் கீழே கிடந்த ஸ்பேனரைப் பார்த்தார், மகளின் கையைப் பார்த்தார். அவருக்கு இன்னும் ஒரே ஒரு கேள்விதான் பாக்கி. அதைக் கேட்க அவருக்குத் தைரியம் போதவில்லை, ஆனாலும் கேட்டார்.

"அப்ப காரை எடுத்துட்டுப் போறியா, இல்லையா?"

மகள் யாரையும் திரும்பிப் பார்க்கவில்லை. அவரைத்தான் பார்த்தாள்.

"எடுத்துட்டுத்தான்பா போறேன். ஆனா சக்கர நட்டை இனிமே நான்தான் மாட்டுவேன். நீங்க தொடக் கூடாது."