பின் சீட்டு

ரயிலில் வந்த மோட்டார் சைக்கிளைப் போடி ஸ்டேஷனிலிருந்து உருட்டிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தியபோது, தெருவே பெட்ரோல் டாங்கியைத் தடவிப் பார்த்தது. நான் சீட்டைப் பார்த்தேன். ஒற்றைச் சீட்டு. என் வீட்டுக்காரர் உட்கார்ந்தால் தீர்ந்தது. பின்னால் மட்கார்டின் மேல் வேண்டுமானால் ஒரு பல்லி உட்காரலாம்.

"இதுல நான் எங்கிட்டு ஒக்கார்றது?" என்று கேட்டேன். அத்தனை பேர் முன்னால் கேட்டிருக்கக் கூடாதாம். அவர் முகம் சுண்டிப்போனது. சுண்டட்டும். சொன்ன வார்த்தை என்று ஒன்று இருக்கிறதல்லவா? போடிமெட்டுக்கு அந்தப் பக்கம் என் அப்பா எனக்குச் சீதனமாகக் கொடுத்த ஏலத்தோட்டம் இருக்கிறது. அதை நான் கண்ணால் பார்த்ததே இல்லை. பிறந்த ஊரான சிலமலையில் இருந்தவரை எனக்கு வயல் வேலையே சரியாக இருந்தது, மலைக்கு ஆண்கள் போனார்கள். கல்யாணமாகி இங்கே வந்த பிறகு, ஆள் ஏற்றும் ஜீப்பில் நம் வீட்டுப் பெண் இடித்துப் பிடித்துக்கொண்டு போவது கௌரவக் குறைச்சல் என்று என் மாமனார் வீரையா சொல்லிவிட்டார். "வண்டி ஒண்ணு வாங்குனதும் மொத ஆளா ஒன்னையத்தான் கூட்டிட்டுப் போவேன்" என்று என் வீட்டுக்காரர் சமாதானம் சொன்னார். அதை நம்பி வருஷக்கணக்காக வாயை மூடிக்கொண்டிருந்தேன். செல்லக்கிளி வாயை மூடியிருந்தாள் என்றால் எங்கள் ஊரில் ஒருத்தரும் நம்பமாட்டார்கள்.

இப்போது அவசரமும் சேர்ந்துகொண்டது. மாமனார் என் தோட்டத்தை விற்க ஆள் பிடித்துவிட்டார். போடியில் ஏலக்காய் வியாபாரம் செய்யும் கன்னையன். காயெடுப்பு தொடங்கியதும் இரண்டு பேரும் மேலே போய்ச் சுற்றிப் பார்ப்பது, இறங்கி வந்ததும் நான் கையெழுத்துப் போடுவது என்று ஏற்பாடு. பேசி முடித்துவிட்டு எனக்குத் தகவல் சொன்னார்கள்.

"பாக்காத தோட்டத்துக்கு எப்பிடி மாமா கையெழுத்துப் போடுறது?" என்றேன்.

"பாத்து என்னம்மா செய்யப் போற? அங்க இருக்கது செடி" என்றார், சாதத்தில் மோரை ஊற்றிக்கொண்டே.

அந்த வாரம் முழுக்க வீட்டில் ஒரே பேச்சு, வண்டிக்கு முதலில் எதை மாட்டுவது என்று. மூட்டை கட்ட இரும்பு கேரியர் என்றார் மாமனார். மேட்டில் பனி இறங்கினால் வழி தெரியாது, பெரிய லைட்டும் அதன்மேல் ஒட்ட மஞ்சள் காகிதமும்தான் முதலில் என்றார் இவர். வளைவுக்கு வளைவு அடிக்கக் கட்டைக் குரலில் ஹாரன் ஒன்று வேண்டும் என்றார் எதிர்வீட்டுக்காரர், அவருக்கு ஒரு சைக்கிள்கூடக் கிடையாது. பட்டறை பால்பாண்டி மட்டும் கொஞ்சம் புத்தியோடு பேசினார். "மொதல்ல காலுக்கு முன்னாடி ஒரு கம்பி வைங்க அண்ணே. விழுந்து வச்சா வண்டிய நிமித்திக்கிறலாம், காலு போனா போனதுதான்." எல்லாவற்றுக்கும் வரிசை இருந்தது. பின் சீட்டு மட்டும் எந்த வரிசையிலும் இல்லை. நான் நடுவில் புகுந்து கேட்டேன். மாமனார் என் பக்கம் திரும்பாமல் மகனைப் பார்த்து, "தவசி, வண்டி லோடு ஏத்துறதுக்கு. பொம்பளைய ஏத்துறதுக்கு இல்ல" என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கேரியர் மாட்ட வண்டி பட்டறைக்குப் போன அன்றைக்கு, நட்ட நடுப்பகலில், கடைவீதி வழியாக நானே நடந்து போனேன். பால்பாண்டி ஸ்பானரைக் கீழே போட்டுவிட்டு எழுந்து நின்றார்.

"அண்ணே, இந்தக் கேரியர் மேல எனக்கொரு சீட்டு வேணும். லோடுன்னே வச்சுக்கங்க. எடை கூடுன லோடு."

அவர் சிரிக்காமல் இருக்கப் பாடுபட்டார். மூலையில் கிடந்த பழைய பஸ்சு சீட்டை எடுத்து அறுத்து, போல்ட்டுப் போட்டு இறுக்கிவிட்டார். கால் வைக்க இடது பக்கம் ஒரு மிதிக்கட்டையும் வைத்தார். வலது பக்கம் ஒன்றும் இல்லை. வீட்டுப் பெண் என்றால் ஒரு பக்கமாகத் திரும்பித்தானே உட்காரும் என்று அவருக்கு நினைப்பு. எனக்கும் அப்போது அது தப்பாகத் தோன்றவில்லை, அதுதான் வேடிக்கை.

சீட்டைப் பார்த்துவிட்டு மாமனார் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் காலையில் கன்னையனோடு ஜீப்பில் கிளம்பினார். ஜீப்பு தெருமுனை திரும்பியதும் நான் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டேன். என் வீட்டுக்காரர் என்னையும் வண்டியையும் மாறி மாறிப் பார்த்தார். "எறங்கு, பெறகு போலாம்" என்றார். நான் அசையவில்லை. வேறு வழியில்லாமல் வண்டியை உதைத்துக் கிளப்பினார்.

மலையடிவாரத்து முந்தல் வரைக்கும் ராணி மாதிரிதான் போனேன். மலை ஏற ஆரம்பித்ததும் வினை. என் பாரம் முழுக்க இடது பக்கம் தொங்கியது. ஒவ்வொரு வளைவிலும் வண்டி ஒருக்களித்து இழுத்தது, அவர் முதுகு வியர்த்து நனைந்தது. மூன்றாவது வளைவில் எஞ்சின் அணைந்து, வண்டி பின்னால் சறுக்கி, சுவரோரம் சாய்ந்து நின்றது. சுவருக்கு அந்தப் பக்கம் பள்ளம். நான் எட்டிப் பார்த்தேன், பார்த்திருக்க வேண்டாம்.

"இதுக்கு மேல முடியாது. முந்தலுக்கு நடந்து எறங்கு. இன்னொரு நாளைக்குப் பாத்துக்கிருவம்" என்றார். சட்டை நுனியால் முகத்தைத் துடைத்தார். பாவமாகத்தான் இருந்தது. ஆனால் இன்னொரு நாள் வரும்போது தோட்டம் யாருடையதாக இருக்கும்?

நான் சாலையோரம் திரும்பி நின்று, சேலையைத் தார்ப்பாய்ச்சிக் கட்டினேன். சிலமலையில் நாற்று நடுகிறபோது கட்டுகிற அதே கட்டு. முழங்கால் வரைக்கும் ஏற்றி, நுனியைப் பின்னால் கொண்டுபோய் இறுக்கிச் செருகினேன். காய்க்கென்று கொண்டுவந்த சாக்கை ஊற்றுத் தண்ணீரில் நனைத்து வலது காலில் சுற்றிக்கொண்டேன். அந்தப் பக்கம் மிதிக்கட்டை இல்லை, சுடுகிற சைலன்சர்தான் இருந்தது.

"அடியே, ஆளுக பாக்குறாக."

"சிலமலை வயல்ல ஊரே பாத்த காலுதான். எடுங்க வண்டிய."

இரண்டு பக்கமும் கால் போட்டு உட்கார்ந்தேன். வண்டி அதன்பிறகு நேராக ஏறியது. வளைவில் அவர் சாய்ந்த பக்கம் நானும் சாய்ந்தேன், எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. பின்னாலேயே வந்த ஆள் ஜீப்பு ஒன்று எங்களைத் தாண்டியது. அதில் நெருக்கியடித்து நின்ற பெண்கள் என்னைப் பார்த்ததும் ஒரே குரலில் குலவை போட்டார்கள். கேலியோ வாழ்த்தோ, எனக்குத் தெரியவில்லை. நானும் பதிலுக்கு ஒரு குலவை போட்டேன். இவர் தலையில் அடித்துக்கொள்வார் என்று நினைத்தேன். அடுத்த வளைவில், எதிரே ஒரு வண்டியும் இல்லாதபோது, ஹாரனை நீளமாக அடித்தார். பிறகு ஒவ்வொரு வளைவிலும் அடித்தார்.

மேட்டைத் தாண்டித் தோட்டத்து வாசலில் இறங்கியபோது சாக்கு காய்ந்து, கெண்டைக்காலில் கொப்புளம் கட்டியிருந்தது. எரிச்சல் உயிரை எடுத்தது. மாமனாரும் கன்னையனும் ஜீப்பருகே நின்றிருந்தார்கள். கன்னையன் சட்டென்று மரத்தைப் பார்த்தார். மாமனார் என் காலைப் பார்த்தார்.

"சேலைய எறக்கி விடும்மா."

"சோலி கெடக்கு மாமா" என்று உள்ளே நடந்தேன்.

மேலே பெரிய மரங்களின் நிழல், கீழே என் தலைக்கு மேல் உயர்ந்த ஏலச்செடிகள். இவ்வளவு நாளும் இதை நான் வயல் மாதிரி நினைத்து வைத்திருந்தேன். இங்கே வானமே தெரியவில்லை. ஈரமண்ணும் காயும் கலந்த வாசனை மூக்கில் ஏறியதும் எனக்கு அழுகை வந்தது. அழுதேன். வெட்கப்பட ஒன்றுமில்லை. காயெடுத்துக்கொண்டிருந்த பெண்கள் என் சேலைக்கட்டைப் பார்த்துவிட்டு, தங்கள் வரிசையில் ஒருத்திக்கு இடம் விட்டார்கள். உட்கார்ந்து இலையை விலக்கினேன். தூரிலிருந்து தரையோடு ஓடிய சரத்தில் பச்சைக் காயும் வெள்ளைப் பூவும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன.

பின்னாலேயே வந்த மாமனார் சற்றுத் தள்ளி நின்றார். "பாத்துட்டேல்ல? போதுமா?"

"இன்னும் பாக்கல மாமா. நாளாகும்."

அவருக்குப் பின்னால் கன்னையன் ஒற்றைக் காலில் நின்றுகொண்டு, கழற்றிய பூட்சைத் தட்டிக்கொண்டிருந்தார். உள்ளே அட்டை புகுந்திருந்தது. ஒன்றைப் பிய்த்து எறிவதற்குள் இன்னொன்று ஏறியது. "வீரையாண்ணே, நான் ஜீப்புல இருக்கேன்" என்று நொண்டிக்கொண்டே போனார். என் கொப்புளத்துக்குக் கீழேயும் ஒரு அட்டை ஏறிக் கடித்துக்கொண்டிருந்தது. அதை நகத்தால் சுண்டிவிட்டேன். கடிவாயிலிருந்து ரத்தம் மெல்லிய கோடாகக் கணுக்காலுக்கு இறங்கியது. நான் காயை ஒவ்வொன்றாகக் கிள்ளி மடியில் போட்டுக்கொண்டு, அடுத்த தூருக்கு நகர்ந்தேன்.