பிரேக்கில் இன்னொரு கால்

ஞாயிறு பூசை முடிந்து வந்ததிலிருந்து நோபர்ட் எழுந்திருக்கவே இல்லை. மேசையில் பூட்டிய ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு கம்ப்யூட்டர் திரையில் கார் ஓட்டிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு சுற்றிலும் முதல் வளைவில் பிரேக்கை ஓங்கி மிதிப்பார், சக்கரம் சுழலாமல் பூட்டிக்கொள்ளும், கார் திரும்பாமல் நேராக மணலுக்குள் போய் நிற்கும். பக்கத்தில் நின்ற டிலக்ஷனுக்கு வெறுத்துப்போயிற்று.

நோபர்ட் அவனுடைய அக்கா லூசியாவின் கணவர். மாத்தளை டவுனில் அடுத்தடுத்த வீடு. சீகிரியாவில் ஒரு ஹோட்டலுக்கு வேன் ஓட்டுகிறார். டிலக்ஷன் போன் திருத்தும் கடை வைத்திருக்கிறான். இணையத்தில் நடக்கும் கார்ப் பந்தயத் தொடரில் ஒரு அணிக்கு இரண்டு பேர் வேண்டும். பாதித் தூரம் ஒருவர், மீதி மற்றவர். அவனோடு ஓட்டிய கூட்டாளி கட்டாருக்குப் போய்விட்டான். வேறு ஆள் கிடைக்காமல்தான் மச்சானைக் கேட்டான்.

ஏபிஎஸ்ஸைப் போடுங்கள் என்று எத்தனையோ முறை சொல்லிவிட்டான். அதைப் போட்டால் எவ்வளவு அழுத்தி மிதித்தாலும் சக்கரம் பூட்டாது. நிஜ வண்டியில் சக்கரம் பூட்டப்போவதை முதுகே சொல்லிவிடும், இந்த நாற்காலி ஒன்றும் சொல்லாது என்று விளக்கினான். நோபர்ட் கேட்பதாக இல்லை.

"மழையில வில்கமுவ ரோட்டுல வெள்ளக்காரங்கள ஏத்திக்கிட்டு போறவன்டா நான். எனக்கு கம்ப்யூட்டர் பிரேக் புடிச்சுக் குடுக்கணுமா?"

ஹோட்டல் வேனிலும் ஏபிஎஸ் இருக்கிறதே என்றாள் லூசியா. அது கம்பெனிக்காரன் போட்டது, நான் கேட்டு வாங்கவில்லை என்றார் அவர்.

அன்று பின்னேரம் பந்தயம். முதல் பாதியை ஓட்டிய டிலக்ஷன் ஆறாவது இடத்தில் காரைக் கொண்டுவந்து நிறுத்தினான். ஆள் மாறுகிற அந்த இடைவெளியில், நோபர்ட் நாற்காலியைச் சரிசெய்துகொண்டிருந்தபோது, அவருக்குத் தெரியாமல் ஏபிஎஸ்ஸைப் போட்டுவிட்டான்.

கார் முதல் வளைவில் அழகாகத் திரும்பியது. அடுத்ததிலும் அப்படியே. அவர் அதுவரை ஓட்டிய எந்தச் சுற்றையும் விட இரண்டு செக்கன் வேகம். ஒரு காரை முந்தி ஐந்தாவது இடத்துக்கும் வந்துவிட்டார். டிலக்ஷன் அப்போதுதான் மூச்சு விட்டான். இன்னொரு சுற்றுப் போயிருக்கும். நோபர்ட் காரைப் புல்லுக்கு இறக்கி நிறுத்தினார்.

"யாரு என் பிரேக்க தொட்டது?"

"மச்சான், மொதல்ல போங்க. அப்புறம் பேசுவோம்."

"நான் முழுசா மிதிக்கிறேன், பூட்ட மாட்டேங்குது. என் காலுக்கு மேல இன்னொரு கால் இருக்கு. ஓட்டுறவன்கிட்ட சொல்லாம வண்டியில கைய வைக்கலாமா நீ?"

கார்கள் ஒவ்வொன்றாக அவர்களைக் கடந்து போயின. டிலக்ஷன் தலையைப் பிடித்துக்கொண்டான். ரோட்டில் ஏறுங்கள், சண்டையை அப்புறம் பிடிக்கலாம் என்று லூசியா சத்தம் போட்டாள். நோபர்ட் ஏபிஎஸ்ஸை எடுக்கச் சொல்லி, எடுத்த பிறகுதான் நகர்ந்தார். கடைசிக்கு முந்தைய இடம் கிடைத்தது.

அதற்குப் பிறகு இரண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை. ஒருவர் சொல்வதை மற்றவரிடம் லூசியாதான் கொண்டுபோய்ச் சொன்னாள். இரண்டு நாளில் அவளுக்கும் அலுத்துவிட்டது. மூன்றாம் நாள் தம்பியின் கடைக்கே போய், அவர் கேட்டதில் என்ன பிழை என்று கேட்டாள். யோசித்துப் பார்த்தான். யாராவது தன் மேசையில் இருக்கும் போனைச் சொல்லாமல் திறந்தால் அவனும் சண்டைக்குத்தான் போவான். அன்று பின்னேரமே போய் மன்னிப்புக் கேட்டான். நோபர்ட் சரியென்று தலையை ஆட்டினார்.

அடுத்த ஞாயிறு, ஏபிஎஸ் போல விளையாட்டில் இருக்கும் ஒவ்வொரு உதவியையும் போட்டும் எடுத்தும் இருவரையும் ஓட்டிப் பார்க்க வைத்தாள் லூசியா. ஏபிஎஸ்ஸோடு நோபர்ட்டின் சுற்று ஒரு செக்கனுக்கு மேல் குறைந்தது. நம்பாமல் திரும்பத் திரும்ப ஓட்டினார். ஒவ்வொரு முறையும் அதே கதைதான்.

"சரி, போட்டுத் தொலை," என்றார்.

அடுத்தது டிராக்‌ஷன் கன்ட்ரோல். வேகம் கொடுக்கும்போது சக்கரம் வீணாகச் சுழலாமல் பிடித்துவைப்பது. அதுவும் வேண்டும் என்று டிலக்ஷன் அடித்துச் சொன்னான். ஆனால் நோபர்ட்டுக்கு அது இல்லாமல்தான் வேகம். சேற்று ரோட்டில் ஓட்டிப் பழகிய கால், மெதுவாக அழுத்தத் தெரிந்த கால். உதவி அதைத் தடுத்துத்தான் வைத்தது. டிலக்ஷனும் ஒத்துக்கொள்ள வேண்டியதாயிற்று.

"இப்ப நீ ஒக்காரு," என்றாள் லூசியா.

கார் சுழலப் பார்த்தால் தானே பிடித்து நேராக்குகிற உதவி ஒன்று, ஆரம்பித்த நாளிலிருந்து அவன் காரில் இருந்தது. அதை எடுக்க அவன் ஒருநாளும் நினைத்ததே இல்லை. எடுத்ததும் சுற்று அரை செக்கன் குறைந்தது. அடுத்த சுற்றில் கார் பம்பரமாகச் சுழன்றது. அதற்கடுத்ததிலும் சுழன்றது.

"கால படக்குன்னு எடுக்காத. மெதுவா எடு," என்றார் நோபர்ட். மறுபடியும் சுழன்றது. "நான் என்ன சொன்னேன், நீ என்ன செய்ற? காதுல விழுதா இல்லயா?"

இருட்டுகிற வரைக்கும் அவர் இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார். டிலக்ஷனின் காது சூடாகிவிட்டது. ஆனாலும் எழுந்து போகவில்லை.

அடுத்த பந்தயத்தில் டிலக்ஷன் அந்த உதவி இல்லாமலே கிளம்பினான். இரண்டு முறை சுழன்று கடைசிக்குப் போனான். நோபர்ட் ஏபிஎஸ்ஸோடு ஏறி ஓட்டி, அணியை எட்டாவது இடத்துக்கு மீட்டுக் கொண்டுவந்தார். இறங்கியதும், நீ எடுத்த உதவியைத் திரும்பப் போடப் போகிறாயா இல்லையா என்று மட்டும் கேட்டார்.

"இல்ல மச்சான். பழகிக்கிறேன்."

நோபர்ட் பெருமூச்சு விட்டார். "அப்ப நீ பழகுற வரைக்கும் ஒவ்வொரு வாரமும் நான்தான் கடைசியில இருந்து இழுக்கணும்," என்று சொல்லிவிட்டு வேனைக் கழுவப் போனார்.