பூட்டினேன்

மில்லில் தொழிலாளி தமிழில் சொல்வதை இங்கிலீஷில் எழுதி மேனேஜர் துரையின் மேஜையில் வைப்பது என் வேலை. 1936-இல் அதில் எனக்கு ஆறு வருஷம் முடிந்திருந்தது. வீட்டில் சௌராஷ்டிரம், தெருவில் தமிழ், ஆபீஸில் இங்கிலீஷ். மூன்றும் கைவசம் என்கிற கர்வம் இருந்தது.

ஒன்றோடொன்று சேர்ப்பதற்கு இங்கிலீஷில் எத்தனை வினைகள் என்று பார்க்கப் பார்க்க எனக்கு ஆசை தீராது. தண்டோடு தண்டைத் தலைக்குத் தலை இணைத்தால் கப்புள். பல்லுக்குள் பல் இறங்கிச் சுற்றினால் மெஷ். தோல் பெல்ட்டின் இரண்டு முனைகளைத் தைத்தால் லேஸ். அறுந்த நூலை விரலால் முறுக்கி ஒட்டினால் பீஸ். ஒரு பாகத்தை அதன் இடத்தில் வைத்து இறுக்கினால் ஃபிட். சாவியைத் திருப்பினால் லாக். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் மிஷின் பக்கம் போய், ஒவ்வொன்றையும் கண்ணால் பார்த்த பிறகே நோட்டில் எழுதுவேன். பற்களைப் பார்க்கிற ஆசையில் பக்கத்தில் கழற்றி வைத்திருந்த இரும்பு மூடியை மட்டும் ஒருநாளும் பார்க்கவில்லை.

அந்த ஆவணியில் நூலைச் சிட்டமாகச் சுற்றுகிற ரீலிங் மிஷினின் பற்சக்கரத்தில் பாண்டியம்மாளின் வலது கை சிக்கியது. மூன்று விரல்கள் போயின. சக்கரத்தின் மூடி கழன்று தரையில் கிடந்தது. அன்று காலை அதே மிஷினைப் பழுது பார்த்தவன் ஃபிட்டர் மலையாண்டி. எழுமலைக்காரன், பாண்டியம்மாளுக்குப் பெரியப்பா மகன். அவளை மில்லில் சேர்த்துவிட்டதும் அவன்தான்.

வாக்குமூலம் எழுத அவனை என் முன்னால் நிறுத்தினார்கள்.

"மூடியப் பூட்டிட்டுத்தான்யா அடுத்த மிஷினுக்குப் போனேன்."

"நிச்சயமா?"

"எங்கையால பூட்டினேன்யா. பெறகு எவன் கழட்டினான்னு தெரியல. வேல போனாப் போகட்டும். அந்தப் பிள்ள மட்டும் நான் மூடாமப் போயிட்டேன்னு நினைச்சிரக் கூடாது."

மூடியை லாக் செய்ததாக எழுதினேன். எழுதியதைத் தமிழில் திருப்பிச் சொல்லி ஒப்புதல் வாங்க வேண்டும் என்பது விதி.

"நீ மூடியைப் பூட்டினாய். சரிதானே?"

"ஆமாய்யா." பெருவிரலை மையில் உருட்டி வைத்தான்.

துரை தாளோடு நேரே மிஷினுக்குப் போனார். மூடியைச் சுற்றிலும் தடவிப் பார்த்தார். சாவித்துவாரம் இல்லை. பூட்டே இல்லாததைப் பூட்டினேன் என்கிறவன் வேறு எதில் உண்மை சொல்லியிருப்பான் என்று கேட்டார். மூடியைக் கழற்றியது யார் என்று அதற்குப் பிறகு ஒருவரும் விசாரிக்கவில்லை. மறுநாளே மலையாண்டியை நீக்கிவிட்டார்கள்.

அவன் சாமான்களை ஏற்ற மைத்துனன் ஆண்டிச்சாமி மாட்டுவண்டியோடு மில் வாசலில் நின்றிருந்தான். நான் அந்தப் பக்கமாக வந்தேன்.

"வண்டியப் பூட்டு மாப்ள, போவோம்" என்றான் மலையாண்டி.

என் கால் நின்றுவிட்டது. வண்டி பூட்டுவது எனக்கும் தெரியும். அது வண்டிக்கு மட்டுமான பேச்சு என்று நினைத்திருந்தேன்.

"மலையாண்டி, மூடியப் பூட்டினேன்னியே, என்ன பண்ணின?"

"என்னய்யா கேக்குறீக? நாலு போல்ட்டையும் போட்டு ஸ்பானரால இறுக்கினேன். மிஷினக் கழட்டிப் பூட்டுறதுதான என் வேல?"

"சாவி?"

"மூடிக்கு ஏதுய்யா சாவி?"

"சாவி போடலேன்னா மிஷின் எந்திரிச்சு ஓடிருமாக்கும்" என்றான் ஆண்டிச்சாமி, நுகத்தடியில் மாட்டைக் கட்டிக்கொண்டே. மலையாண்டி சிரிக்கவில்லை.

ஃபிட் என்று எழுதியிருக்க வேண்டும். நோட்டில் இருந்த சொல்தான்.

துரையிடம் ஓடினேன். முழுவதையும் கேட்டார்.

"நீ திருப்பிச் சொன்னபோது அவன் ஒப்புக்கொண்டானா?"

"ஒப்புக்கொண்டான். தமிழில் இரண்டும் ஒரே சொல்."

"இந்தத் தாள் தப்பு என்றால், ஆறு வருஷமாக நீ எழுதிய எல்லாத் தாளையும் சந்தேகப்பட வேண்டும். முதலில் உன்னை அனுப்ப வேண்டும். மாற்றட்டுமா?"

என் சம்பளத்தை நம்பி வீட்டில் ஐந்து பேர். அவர் கோப்பைக் கட்டி வைத்தார்.

சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குப் போனேன். பாண்டியம்மாள் கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துச் சுவரோரம் உட்கார்ந்திருந்தாள்.

"ஒங்க அண்ணன் மூடிய நல்லாத்தான் பூட்டியிருக்கான். தப்பு அவன் மேல இல்ல."

அவள் நிமிர்ந்தாள். "நெசமாவாய்யா?"

"நெசம்."

"அப்பத் தாள்ல மாத்தி எழுதிட்டீகளா? அவர மறுபடி வேலைக்குச் சேத்துக்கிட்டாகளா?"

"இல்ல."

"அப்ப ஆறுதலுக்குச் சொல்றீக" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.