பன்னிரண்டு கம்பி

1903 பிப்ரவரி 11, புதன். நேற்று என் வேலை நோட்டில், "சன்னல் கிராதி ஒன்று, கம்பி பன்னிரண்டு, எல்லாம் துரு" என்று எழுதினேன். தவறு. முழுக்கத் துரு பிடித்திருந்தவை பத்துதான். மாலை வகுப்புக்கு அதே நோட்டில் எழுதும் இந்தக் கதை அந்தத் தவற்றில் தொடங்குகிறது.

1

முதலில் எழுதியது: "ஸ்ரீவில்லிபுத்தூரில் ஐயாதுரை வீட்டுப் பின்னறைச் சன்னலில் இரும்புக் கொடி பூத்திருந்தது." (அடித்துவிட்டேன். அந்த அறையில் ஒருத்தி செத்திருக்கிறாள்.)

ஐயாதுரையின் மனைவி ஞானபாக்கியம், போன மாதம். காய்ச்சல் என்றார்கள். மறு வாரமே கிராதியைப் பெயர்த்து, இராஜபாளையத்தில் நான் வேலை பார்க்கும் பட்டறைக்கு அனுப்பிவிட்டார். அறுபது வருஷத்துத் துரு. புளிக்கரைசல் தடவி, செங்கல் பொடியும் தேங்காய் நாருமாக நேற்று முழுக்கத் தேய்த்தேன். நடுக்கம்பிகள் இரண்டு மட்டும், தரையில் உட்கார்ந்தால் கைக்கு எட்டும் உயரத்தில், ஒரு சாண் நீளத்துக்கு வழவழவென்று இருந்தன. வேலை மிச்சம் என்று சந்தோஷப்பட்டேன்.

(இந்த வரியை எடுத்துவிட நினைத்தேன். இருக்கட்டும்.)

2

இன்று ஞானபாக்கியத்தின் அண்ணன் பொன்னுராஜ் வந்தார்.

"தம்பி, கம்பியில கை புழங்குன தடம் இருந்துச்சா? எந்தங்கச்சிய மாசக்கணக்கா அடைச்சு வச்சிருந்தாகன்னு பக்கத்து வீட்டுல சொல்லுதாக. மச்சான், 'கடைசி ரெண்டு நாள்தான் அந்த அறையில படுத்தா'ங்காரு."

பட்டறைக்காரர் சாகுல் ஹமீது பாய் என் பக்கம் திரும்பினார். "இவன் தும்முனாக்கூட நோட்டுல ஏத்திருவான். ஏலே தங்கச்சாமி, எடுத்துக் காட்டு."

காட்டினேன். பொன்னுராஜ் எழுத்துக்கூட்டி வாசித்தார்.

"எல்லாம் துருவா. அப்ப மச்சான் சொன்னதுதான் நெசம் போல."

"இல்லண்ணே, ரெண்டு கம்பியில..."

கிராதிப் பக்கம் திரும்பினேன். எதைக் காட்டுவேன்? சுவரில் சாய்ந்திருந்த கிராதியில் பன்னிரண்டும் ஒன்றுபோல மின்னின. அந்தத் தடத்தை நான் தொடவே இல்லை. மற்றவற்றையும் அதைப் போலவே ஆக்கிவிட்டேன். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

3

கதைக்கு எழுதிப் பார்த்த முடிவுகள்.

அ. இன்று எழுதியதைப் பொன்னுராஜ் நம்புகிறார்.

ஆ. "நேத்து ஒண்ணு, இன்னைக்கு ஒண்ணா?" என்று ஐயாதுரை நோட்டைத் தூக்கி எறிகிறார்.

இ. ஞானபாக்கியம் அந்த இரண்டு கம்பிகளையும் பிடித்துக்கொண்டு

இதை எழுத வரவில்லை. அவள் முகத்தை நான் பார்த்ததில்லை. பார்த்தது ஒரு சாண் இரும்பு.

வாசிப்பவரே, நேற்றைய வரியும் இன்றைய வரியும் உங்கள் முன்னே இருக்கின்றன. எதை நம்புவீர்கள் என்பதை நான் எழுத முடியாது.

நாளை: விடிந்ததும் பொன்னுராஜ் வீட்டுக்குப் போய், நேற்றைய வரியை அடிக்காமல் நோட்டைக் கொடுப்பது. பிறகு கம்பிகளில் மறுபடி துரு ஏறாமலிருக்க ஆளிவிதை எண்ணெய்.