கறை இல்லாத கையெழுத்து

பள்ளிக்கூடத்து டீச்சர் ஒருவர் என் பட்டறை வாசலில் வந்து நின்றபோது, ஏதோ வசூலுக்குத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன்.

தண்ணீர் மோட்டார் ரிப்பேர் செய்பவன் நான். படித்தது நான்காம் வகுப்பு. யாரையும் லேசில் நம்ப மாட்டேன். எரிந்த மோட்டாருக்குக் கம்பி சுற்றினால், நானே எண்ணிய சுற்றை இன்னொரு தடவை எண்ணிப் பார்ப்பேன். பள்ளியிலிருந்து எந்தச் சீட்டு வந்தாலும் மகளை இரண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவேன்.

டீச்சர் ஒரு தாளை நீட்டினார். “ஐயா, இது உங்க கையெழுத்தா?”

அதே கோணல், அதே சுழி. “ஆமாங்க. ஏன், அதுலயும் குத்தமா?”

அவர் பையிலிருந்து பழைய சீட்டுகள் நாலைந்தை எடுத்து மேஜையில் பரப்பினார். ஒவ்வொன்றின் ஓரத்திலும் என் கட்டைவிரலின் கிரீஸ் கறை.

“புதுத் தாள்ல மட்டும் கறை இல்ல பாருங்க. அதான் வந்தேன்.”

அது நான் போட்ட கையெழுத்தே இல்லை. என்ன தாள் என்று கேட்டேன். பதினொன்றாம் வகுப்பில் கணக்குப் பிரிவை விட்டு என் மகள் வேறு பிரிவுக்கு மாறுவதற்குப் பெற்றோர் சம்மதமாம். மாறிவிட்டால் திரும்ப முடியாதாம். “நான் இன்ஜினியராகி மோட்டார் செய்வேன், நீங்க ரிப்பேர் பண்ணிட்டே இருங்க” என்று என்னைக் கிண்டல் செய்தவள் அவள். எனக்கு நாற்பத்தெட்டு வயதில் பிறந்த ஒரே பிள்ளை.

பேசிக்கொண்டிருக்கும்போதே பள்ளி விட்டு வந்தவள், டீச்சரைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

“கேட்டிருந்தா நான் வேணாம்னா சொல்லியிருப்பேன்?” என்றேன்.

“சொல்ல மாட்டீங்கப்பா. நூறு கேள்வி கேப்பீங்க. ஏன் மார்க் குறைஞ்சுது, எது புரியல, யார் சொன்னா... எனக்கே பதில் தெரியல. வீட்ல சந்தேகம் கேக்கவும் ஆள் இல்ல.”

எனக்குக் கோபம் டீச்சர் மேல்தான் வந்தது. “நாலாம் கிளாஸ் ஆளு நான். என்னை என்ன பண்ணச் சொல்றீங்க?”

“அந்த நூறு கேள்விய கணக்குல கேளுங்க. தினம் ஒரு கணக்கை அவ உங்களுக்கு விளக்கட்டும். புரியலைன்னா விடாதீங்க. எங்க முழிக்கிறாளோ அங்க ஒரு கோடு போட்டு அனுப்புங்க. மத்ததை நான் பாத்துக்கறேன். அரையாண்டுப் பரீட்சை வரைக்கும் இந்தத் தாள் என்கிட்டயே இருக்கட்டும்.”

நான் நம்பவில்லை. ஆனால் மறுநாள் சாயங்காலம் மகள் உட்காரப் பட்டறையில் ஒரு மரப்பெட்டியைக் கவிழ்த்துப் போட்டேன்.

“இந்தப் பக்கம் போனதும் கூட்டல் எப்படிக் கழித்தல் ஆச்சு?”

“அது அப்படித்தான்பா.”

“அப்படித்தான்னா? யார் சொன்னா?”

“அய்யோ! உங்களுக்கு விளக்கறதுக்கு இந்த மோட்டாருக்கு விளக்கிடலாம்.”

“அதுவும் புரியாம தலையாட்டாது. சொல்லு.”

சில நாள் மூன்றாவது வரியிலேயே நின்றுவிடுவாள். “இருங்கப்பா, எனக்கே இது தெரியல.” அங்கே பென்சிலால் கோடு போடுவேன். கோட்டோடு கிரீஸும் போகும். மறுநாள் சாப்பாட்டு இடைவேளையில் டீச்சர் அவளை உட்கார வைத்து அந்த இடத்தைச் சரிசெய்வார். தன் சாப்பாட்டு நேரத்தை யார் அப்படிக் கொடுப்பார்கள்? ஒரு கணக்குக்குக்கூட எனக்கு விடை தெரியாது. ஆனால் அவள் மழுப்பினால் தெரிந்துவிடும்.

முன்பு கணக்கில் முப்பத்தொன்று வாங்கியவள் அரையாண்டில் அறுபத்தெட்டு வாங்கினாள். பிரிவு மாறும் பேச்சை அவள் எடுக்கவே இல்லை.

அதற்குப் பிறகு நடந்த பெற்றோர் கூட்டத்துக்கு முதல்முறையாகப் போனேன். மண்ணெண்ணெய் விட்டு, சோப்புத்தூள் போட்டு, நகக்கண் வரை தேய்த்துக் கழுவிக்கொண்டு போனேன். வருகை நோட்டில் நான் போட்ட கையெழுத்தை டீச்சர் குனிந்து பார்த்தார்.

“கறையே இல்லையே. சந்தேகமா இருக்கே ஐயா.”

பின்னால் மகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

“சந்தேகப்படுங்க டீச்சர். அன்னைக்கு நீங்க சந்தேகப்படலைன்னா...” கும்பிட்டேன்.

அவர் அந்தப் பழைய சம்மதத் தாளை எடுத்து என்னிடமே கொடுத்தார். நான் மகளிடம் நீட்டினேன்.

“படி.”

படித்தாள்.

“இன்னொரு தடவை.”

“அப்பா!”

படித்தாள். வாங்கி நாலாகக் கிழித்தேன்.