தள்ளுபடிக்குப் பின் நீட்டிய காகிதம்

ஸ்ரீவில்லிபுத்தூர் முன்சீப் கோர்ட்டில் வழக்கு தள்ளுபடியாகி எட்டு நாள்கூட ஆகவில்லை. கான்சாபுரத்தில் ஞானரத்தினத்தின் வாசலில் மறுபடியும் வந்து நின்றான் சங்கிலிப்பாண்டி. கூட ஒரு தடியாள் வேறு.

சங்கிலிப்பாண்டி ராஜபாளையத்து லேவாதேவிக்காரரின் வசூல் ஆள். அவரிடம் வாங்கிய கடனை அவள் புருஷன் தேவஇரக்கம் சாகும் முன்பே பருத்தி போட்டு அடைத்திருந்தான். ரசீதுதான் வாங்கவில்லை. லேவாதேவிக்காரர் அவள்மேல் போட்ட வழக்கில், கடன் நோட்டு மூன்று வருஷக் கெடு தாண்டிவிட்டது என்று அவளுடைய வக்கீல் வாதாடினார். அதிலேயே வழக்கு முடிந்துபோனது. கடன் அடைந்த கதையைக் கோர்ட்டில் யாரும் கேட்கவில்லை. 'கெடுவைச் சொல்லித் தப்பிச்சிட்டா' என்று ஊர் பேசியதுதான் அவளை அரித்துக்கொண்டிருந்தது.

"கோர்ட்டு தள்ளுனா கடன் போயிருமாக்கும்? உழவு மாட்டை அவுத்துட்டு வரச் சொல்லிட்டாவ மொதலாளி."

தடியாள் தொழுவத்துப் பக்கம் நகர்ந்தான்.

"அண்ணாச்சி, மாட்டைத் தொடாதிய!"

சங்கிலிப்பாண்டி ஒரு காகிதத்தை நீட்டினான். "அப்பம் இதுல ஒரு கைநாட்டு வை. வழக்கு முடிஞ்சுது, இனி கொடுக்கல் வாங்கல் இல்லைன்னுதான் எழுதியிருக்கு. பொறவு இந்தப் பக்கமே வரமாட்டேன்."

விரலில் மை தடவவும் வந்துவிட்டான். அவள் மிஷன் பள்ளிக்கூடத்தில் நாலாவது படித்தவள் என்பது அவனுக்குத் தெரியாது. காகிதத்தை வாங்கிப் பார்த்தாள். தெருவுக்கே கேட்கும்படி உரக்கப் படித்தாள்.

"என் புருஷன் பட்ட கடனை வட்டியும் முதலுமாக நானே தீர்ப்பேன் என்று சம்மதித்து..."

சங்கிலிப்பாண்டி காகிதத்தைப் பறிக்கப் பாய்ந்தான். அவள் அதை மார்போடு இறுக்கிக்கொண்டாள். அதற்குள் பக்கத்து வீட்டு வண்டிக்காரர் மாரிசாமி வந்துவிட்டார்.

"என்னலே கடன்? அந்தப் பருத்தி அம்புட்டையும் ஏத்திட்டுப் போயி உங்க கிட்டங்கியில இறக்கி அடுக்குனது நானில்லா?"

ஞானரத்தினம் திகைத்துப்போய்த் திரும்பினாள். "அண்ணாச்சி, இதைக் கோர்ட்டுல வந்து சொல்லியிருக்கப்படாதா?"

"என்னைய யாரு தாயி கேட்டா?"

தெருவில் ஆள் கூடிவிட்டது. சங்கிலிப்பாண்டி மாட்டையும் தொடவில்லை, காகிதத்தையும் கேட்கவில்லை. "மொதலாளிட்ட சொல்லுதேன்" என்று முனகிக்கொண்டே போய்விட்டான்.

மறுநாள் விடிந்ததும் மாரிசாமியின் வண்டியிலேயே போய் அந்தக் காகிதத்தை வக்கீலிடம் கொடுத்தாள். பிறகு யாரும் வசூலுக்கு வரவில்லை. ஆனாலும் அறுப்பு முடியும்வரை மாடுகளை அவள் வீட்டுக்குள்தான் கட்டினாள்.