கடைசி எழுத்து

அவள் ஸ்பூனால் அப்பாவின் உதட்டை நனைத்துக்கொண்டிருந்தபோது வாசலில் செருப்புக் கழற்றும் சத்தம் கேட்டது. சித்தப்பா. பதினெட்டு வருஷத்துக்குப் பிறகு.

அப்பா ரயில் நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்தவர். வேலைக்குச் சேர்ந்த புதிதில் சொந்த ஊர்ப் பேச்சை, கடைசி எழுத்தை இழுத்து மேலே தூக்கிவிடும் அந்த ராகத்தை, பல்லைக் கடித்துக்கொண்டு ஒழித்துக்கட்டினார். அப்புறம் வீட்டில் உப்புக் கேட்டால்கூட மூன்றாவது நடைமேடைக்கு வண்டி வருவதுபோலத்தான் இருக்கும். அவள் கல்யாணத்தில், மேலதிகாரிகள் முன்னால் தம்பி அந்த இழுவையோடு வாயைத் திறந்ததும், "நீ கொஞ்சம் பேசாம இரு" என்று அதட்டிவிட்டார். சித்தப்பா சாப்பிடாமல் கிளம்பிப் போனார். அதோடு பேச்சுவார்த்தை இல்லை. வீம்பில் இருவரும் ஒருவருக்கொருவர் சளைத்தவர்கள் இல்லை.

நேற்று டாக்டர் கையை விரித்ததும் அவள்தான் போன் செய்தாள். இவர்கள் பேசிக்கொள்ளாமலே அப்பா போய்விட்டால், தன் கல்யாண நாளை இனி நினைக்கவே முடியாது என்று பயந்தாள்.

சித்தப்பா கட்டிலருகே நின்று தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"அண்ணா, நான் வந்திருக்கிறேன். தங்கள் உடல்நிலை இப்போது எப்படி இருக்கிறது?"

அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஓர் இழுவை இல்லை. பஸ்ஸில் வழியெல்லாம் சொல்லிப் பார்த்திருப்பார் போல. அண்ணனுக்கு இந்தத் தடவையாவது தலைகுனிவு வரக் கூடாதாம். நெற்றியெல்லாம் வியர்வை.

அப்பா கண்ணைத் திறந்து வெகுநேரம் பார்த்தார். உதடு கோணியது. அது சிரிப்பு என்று புரிய அவளுக்குச் சற்று நேரமாயிற்று.

"ஏன்டா... ஸ்டேஷன்ல நிக்கிற மாதிரி பேசுறேஏஏ? நம்ம வீடுதானேஏஏ..."

இத்தனை வருஷம் அது அந்தத் தொண்டையில் எங்கே கிடந்ததோ! அவள் ஒருநாளும் கேட்டதில்லை.

சித்தப்பா பொத்தென்று உட்கார்ந்தார். "நீதானேண்ணா பேசாம இருன்னேஏஏ..."

"புத்தி கெட்டுப்போய்ச் சொன்னேன்டாஆஆ. நீ பேசு."

பேசினார். ஒழுகும் தண்ணீர்த் தொட்டி, பேத்திக்கு விழுந்த பல், பக்கத்து வீட்டு நாய். அப்பா கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். நாலு மணிவாக்கில் மூச்சு நின்றது. அது தெரியாமல் சித்தப்பா இன்னும் கொஞ்ச நேரம் நாயைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். அவள்தான் அவர் தோளைத் தொட்டாள்.

மறுநாள் எல்லாம் முடிந்து, வந்தவர்களுக்குச் சாப்பாடு போட்டார்கள். சித்தப்பாவைக் காணோம். வாசலில் ஒரு செருப்பை மாட்டிவிட்டு மற்றதைக் காலால் துழாவிக்கொண்டிருந்தார்.

"சித்தப்பா, சாப்பிட்டுட்டுப் போங்களேஏஏ..."

அது தன் குரலா என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது. சித்தப்பா திரும்பிப் பார்த்தார். பிறகு குனிந்து, மாட்டிய செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார்.